முதல் மூச்சுக்கு முன்னால்

வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பிராணவாயு தாயிடமிருந்தே தொப்புள்கொடி வழியாக வந்துவிடுகிறது. நுரையீரலில் பெருங்குறை இருந்தாலும் அது உள்ளே நன்றாக உதைக்கும். தாய்க்கு ஒன்றும் தெரியாது. பிறந்து முதல் மூச்சை இழுக்கும்போதுதான் ஆபத்து. அதை மாதங்களுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது ஐந்தாம் மாத ஸ்கேன்.

காற்றை ஊடுருவ அல்ட்ராசவுண்டால் முடியாது. ஆனால் கருவின் நுரையீரலில் இருப்பது திரவம். அதனால் இரண்டு நுரையீரல்களும் சீரான சாம்பல் நிறத்தில் திரையில் தெரிகின்றன. 18 முதல் 22 வாரங்களுக்குள் மருத்துவர் தேடுவது இந்தச் சீரில் ஏதும் பிசகா என்பதைத்தான்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு ஓட்டை விழுகிறது, பெரும்பாலும் இடப்பக்கம். குடலும் இரைப்பையும் மார்புக்குள் ஏறி நுரையீரலை வளரவிடாமல் நெருக்குகின்றன. ஸ்கேனில் இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரியும். இதயம் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். நுரையீரலின் பரப்பைத் தலையின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். அந்த வாரத்தில் இருக்க வேண்டியதில் 25 சதவீதத்துக்கும் குறைவென்றால் நிலைமை கடுமை.

இத்தகைய குழந்தைகளுக்காக பெல்ஜியத்தின் லூவென் நகர மருத்துவர் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 27–29 வாரங்களில், கருவின் மூச்சுக்குழாயில் சிறு பலூனை வைத்து அடைத்தார்கள். வெளியேற முடியாத திரவம் நுரையீரலை விரித்து வளர்த்தது. 34 வாரம் வாக்கில் பலூன் அகற்றப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி, பலூன் வைத்த 40 குழந்தைகளில் 16 பேர் உயிரோடு வீடு திரும்பினர். வைக்காத 40 பேரில் 6 பேர்தான். பனிக்குடம் முன்னதாக உடைவதும் குறைப்பிரசவமும் அதிகரித்ததால், இதை எல்லோருக்கும் செய்வதில்லை.

ஸ்கேனில் தெரிவதெல்லாம் இவ்வளவு கொடியதும் அல்ல. நுரையீரலில் நீர்க்கட்டிகள் சேர்ந்த பிறவிக் கட்டி ஒன்று உண்டு. சுமார் 28 வாரம் வரை வளரும்; பிறகு பல குழந்தைகளுக்குத் தானே சுருங்கத் தொடங்கும். அடுத்தடுத்த ஸ்கேன்களில் அதன் அளவைக் கவனித்துவந்தாலே பெரும்பாலும் போதும். பெரிதாகி இதயத்தை அழுத்தி, குழந்தையின் உடலில் நீர் கோக்கும் அபாயம் வந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

குறை முன்பே தெரிந்துவிட்டால், குழந்தை அறுவை நிபுணரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடலாம். உதரவிதான ஓட்டையோடு பிறக்கும் குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால், அது இரைப்பையை உப்பவைத்து நுரையீரலை மேலும் நசுக்கிவிடும். கடுமையான குறை என்று தெரிந்திருந்தால், பிறந்த உடனேயே மூச்சுக்குழாய்க்குள் நேராகக் குழாய் செலுத்த மருத்துவர் குழு தயாராக நிற்கும்.