உங்களுக்குத் தெரியுமா? சில நிமிடச் சந்திப்பும் இரட்டித்த உழைப்பும்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டிய இளம் ஊழியர்கள், அப்பணத்தால் கல்வி உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தபின், ஒரு மாதம் கழித்தும் வாரந்தோறும் முன்பைவிட 142 விழுக்காடு கூடுதல் நேரம் அழைப்பில் செலவிட்டனர். அவர்கள் திரட்டிய தொகையோ 171 விழுக்காடு உயர்ந்தது.

• உளவியலாளர் ஆடம் கிராண்ட் தம் குழுவினருடன் 2007இல் வெளியிட்ட இந்த ஆய்வு, நோக்கவுணர்வை, அதாவது தம் உழைப்பு இன்னொருவருக்குப் பயன்படுகிறது என்ற அறிதலை, அச்சந்திப்பின் வழியாகவே தூண்டிப் பார்த்தது.

• பயன்பெற்றவரின் கடிதத்தை மட்டும் வாசித்த குழுவிடமும், சந்திப்பும் கடிதமும் இன்றி வழக்கம்போல் பணியாற்றிய குழுவிடமும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்பதால், அலுவலகச் சுவர்களில் ஒட்டப்படும் இலட்சிய வாசகங்களின் வலிமை ஐயத்துக்குரியதே எனலாம்.

• மறுப்பையே மிகுதியும் கேட்க நேரும் இத்தகைய அழைப்பு மையங்களில் ஊழியர் வெளியேற்றம் பொதுவாகவே அதிகம். எனினும் இவ்வாய்வு அளந்தது பணியில் தளராத விடாமுயற்சியையே; வேலையை விட்டு விலகாதிருந்த காலத்தை அன்று.