ஏரி மறித்த புகையிரதம்

பெரும்பொழுதுகள் ஆறு என்றும், அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குக் கற்பித்து வருகிறேன். பனி என்றால் யாது என ஒரு மாணவனும் என்னை வினவியதில்லை. வினவியிருந்தால், விடியற்காலையில் வடலியோலை நுனியில் தொங்கும் நீர்த்துளியைச் சுட்டிக் காட்டியிருப்பேன். அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை ஐம்பது வயது கடந்தபின், அயல்நாட்டுப் புகையிரத நிலையம் ஒன்றிலேதான் அறிந்துகொண்டேன்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் என் பெறாமகளின் திருமணத்திற்காக நியூயோர்க் சென்றிருந்தேன். மணவினை இனிதே நிறைவேறியது. ரொறன்ரோவில் வாழ்ந்த என் தமையனார் நோயுற்றிருந்தமையால் அங்கிருந்து அவரிடம் செல்வதற்குப் புகையிரதத்தில் இடம் பதிந்து வைத்திருந்தேன். அட்சன் ஆற்றின் கரையோடு வடக்கே சென்று, பின் மேற்கே திரும்பி, பஃபலோ நகரையும் நயாகராவையும் கடந்து ரொறன்ரோவை அடையும் நெடும்பாதை அது. காலையில் ஏறினால் இரவில் இறங்கலாம். புறப்படுவதற்கு முன்னாள் இரவு, தமையனாரின் நிலை மோசமாகிவிட்டதென்று செய்தி வந்தது.

நவம்பர் 18ஆந் திகதி வெள்ளிக்கிழமை. வானம் தெளிந்திருந்தது, வெயிலும் எறித்தது. நிலையத்திலோ, நான் ஏறவேண்டிய வண்டி மேற்குப் பகுதிக்குச் செல்லாது என்றனர். காரணம் கேட்டபோது, 'ஏரிப் பனி' என்பதே விடையாயிற்று. ஏரியாவது, புகையிரதத்தை மறிப்பதாவது! குளமும் ஏரியும் ஊரை வாழ்விப்பன என்றே கற்ற எனக்கு அது விளங்கவில்லை. உடன்வந்த பெறாமகன், பொறியியல் பயிலும் இளைஞன், விளக்கினான்.

"சித்தப்பா, எங்கட ஊரில் கார்த்திகை மழை எப்படி வருகுது? வாடைக்காற்று வங்கக் கடலின் நீராவியை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகுதல்லவா? இங்கே காற்று இன்னும் குளிர். ஆகையால் மழை பனியாகுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றானாயினும், பின்னர் யான் கற்றறிந்த அளவில் அதன் நுட்பம் வியத்தற்குரியது. கோடையில் ஏற்ற வெப்பத்தை ஏரிநீர் எளிதில் விடுவதில்லை. கனடாவின் உள்நாட்டிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்நீர்ப்பரப்பின்மீது செல்லும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி மேலெழுந்து முகிலாகின்றது. நீரின்மேற்பரப்புக்கும், ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்திலுள்ள காற்றுக்கும் இடையே 13 பாகை சென்ரிகிரேட் அளவு வேறுபாடு இருப்பின் இது நிகழும் என்பர். ஈரி ஏரி 388 கிலோமீற்றர் நீளமுடையது. காற்று அந்நீளத்தின் வழியே வீசுமாயின், அது சுமந்துவந்த ஈரமனைத்தும் கீழ்க்கோடியிலுள்ள பஃபலோவின் தலையிலே இறங்கும்.

அதுவும் எங்கும் ஒருபடியாக இறங்குவதில்லை. ஒடுங்கிய பட்டையாக விழும். யான் குறிப்பிட்ட அந்நாட்களில் நகரின் தெற்கேயுள்ள ஓச்சாட் பாக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 80 அங்குலம் பனி குவிந்தது. ஆள் உயரத்தினும் மிகை. நகரின் வடபாலில் விழுந்ததோ அதில் ஒரு சிறுபகுதியே. 2014 நவம்பரிலும் இவ்வாறே நிகழ்ந்ததுண்டு. ஆழங் குறைந்த ஈரி ஏரி உறைந்தபின் இக்கொடுமை தணியும். 244 மீற்றர் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரியோ முற்றாக உறைவது அரிது.

இருப்புப்பாதையில் பனி செய்யும் தீங்கு பலவகை. தண்டவாளங்கள் பிரியும் இடங்களிலே நகரும் இரும்பு நாக்குகளின் இடையில் புகுந்து இறுகினால், வண்டி பாதை மாற முடியாது. அவ்விடங்களைச் சூடாக்கும் கருவிகள் உண்டு. மணிக்கு இரண்டு மூன்று அங்குலம் வீழ்ந்தால் அவையும் தோற்கும். வீதிகள் மூடுண்டால் பழுது பார்ப்போரும் வந்து சேரார். ஆகவே ஓட்டி நடுவழியில் நிற்பதிலும், ஓட்டாதிருப்பதே அறிவு.

அவ்வாறு நடுவழியில் நின்ற வண்டியும் உண்டு. யப்பானின் மேற்குக் கரையிலும் சைபீரியக் காற்று வெங்கடலைக் கடந்து இதே வகையில் பனியைக் கொட்டுகின்றது. 2018 ஜனவரி 11ஆந் திகதி மாலை நீகாட்டா மாகாணத்துச் சாஞ்சோ நகரில், நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு புகையிரதம் ஏறத்தாழ 430 பயணிகளோடு பனியிற் புதைந்து, பதினைந்து மணிநேரம் அசையாது நின்றது. கவாபட்டாவின் 'பனிநாடு' என்னும் புதினம் புகையிரதப் பயணத்தோடு தொடங்குவது அப்பகுதியை நோக்கியே. அங்குள்ளார்க்கு இலக்கியத்திலும் வாழ்விலும் பனி ஒன்றே.

எமக்கு அவ்வாறன்று. இதனை எண்ணியபோதே என் நெஞ்சு சுட்டது.

தமையனார் 1987இல் கனடா சென்றார். முதலாண்டு அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் என்னிடம் உண்டு. "தம்பி, நேற்று முழங்காலளவு பனி. கோச்சி ஓடவில்லை. வேலைக்கு மூன்று மைல் நடந்தே போனேன்" என்று எழுதியிருந்தார். அப்போது தமிழ் இலக்கணத்தில் ஆழ்ந்திருந்த யான், மறுமொழியில் முன்பனிப் பருவத்தின் சிறப்பை மூன்று பக்கம் வரைந்தேன். முழங்காலளவு என்பதை உயர்வு நவிற்சி எனக் கொண்டேன். அதன்பின் அவர் எழுதிய கடிதங்களில் மக்கள் உண்டு, தொழில் உண்டு, ஊர்நினைவு உண்டு, பனி இல்லை. சொன்னாலும் விளங்காதவனுக்கு எதற்குச் சொல்வதென்று விட்டார் போலும்.

விமானத்தில் மறுநாள் இரவுக்கே இடம் கிடைத்தது. யான் சென்றடையுமுன், சனிக்கிழமை நண்பகல், அவர் கண் மூடிவிட்டார். அவர் வீட்டு வாயிலில் பனி வாரும் அகன்ற மண்வெட்டி ஒன்று சாத்திக் கிடந்தது. அதன் கைப்பிடி தேய்ந்து வழுவழுத்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக் கடிதங்கள் சொல்லாததை அது சொல்லிற்று.

ஆசிரிய நண்பர்களே, புவியியல் நூலார் இதனை மழைப்பனி என்பர்; வெண்பனி என்பாரும் உளர். எச்சொல்லாயினும் ஆகுக. எம்மவர் பல்லாயிரவர் அவ்வேரிக் கரைகளில் இன்று வாழ்கின்றனர். அவர்கள் பனி என்று எழுதினால், அச்சொல்லை எம் அகராதியில் மட்டும் தேடாதிருப்போம். இப்போது முன்பனி, பின்பனி பாடம் வரும்போது அந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு யான் எழுதிய மறுமொழியையும் மறையாது சொல்லுகிறேன்.