பிடி அரிசியும் உணவு வங்கியும்

'உணவு வங்கி' என்றதும், கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாதத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பவர்கள் என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. அது அதன் ஒரு பகுதியே. சில ஆண்டுகளாக மும்பைப் புறநகரில் உள்ள ஓர் உணவு வங்கியில், சனிக்கிழமைகளில் மூட்டை பிரித்துப் பொட்டலம் கட்டும் வேலையில் நானும் பங்கு கொண்டு வருகிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்மவர்கள் மனமாரக் கொடுக்கிறார்கள். எப்போது கொடுப்பது, எதைக் கொடுப்பது என்பதையும் சற்றுக் கவனித்தால் அதே செலவில் இன்னும் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரீஸ் உணவு வங்கியைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். இருப்பவர் போட்டு வைப்பார், இல்லாதவர் வந்து எடுத்துக்கொள்வார். ஆகவே 'வங்கி' என்று பெயர். பெயர்தான் புதிது, வழக்கம் நமக்குப் புதிதல்ல. அரிசி களையுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துத் தருமத்துக்குக் கொடுக்கும் பிடி அரிசித் திட்டத்தைக் காஞ்சி மகா பெரியவர் வற்புறுத்தி வந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் 1910 முதல் இதையே செய்கிறார்கள். அப்படிச் சேரும் அரிசியை விற்று வரும் பணத்தில் அவர்களுடைய சபைப் பணிகள் நடக்கின்றன. ஒரு பிடி என்பது பெரிதல்ல. நாள் தவறாமல் விழுவதே அதன் பலம்.

இன்று நம் நகரங்களில் நடப்பவை இரண்டு வகை. ஒன்று, சமைத்த உணவைச் சேகரித்து உடனே கொடுப்பது. மும்பை போலீஸ் கமிஷனராக இருந்து, பின்னர் மாநில டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்ற தமிழரான திரு. டி. சிவானந்தன் 2017-இன் இறுதியில் டப்பாவாலாக்களின் துணையோடு நிறுவிய ரோட்டி பேங்க் இந்த வகை. மற்றொன்று, அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை இருப்பு வைத்து, விசாரித்துப் பதிவு செய்த குடும்பங்களுக்கு மாதந்தோறும் கொடுப்பது. நான் போகும் இடம் இரண்டாவது வகை.

"ரேஷனில்தான் இலவசமாகக் கொடுக்கிறார்களே, பிறகு இது எதற்கு?" என்று கேட்கலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை அட்டைக்காரர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது இலவசம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் ஊர் அட்டைக்கு இங்கேயும் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டு அட்டைகளில் மத்தியச் சட்டத்துக்குள் வராதவற்றுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. கிடைப்பவர்களுக்கும் அந்த 5 கிலோ மாதம் முழுவதற்கும் போதாது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் கைக்காசுதான் வேண்டும். நாக்காவில் தினக்கூலிக்கு நிற்பவர்கள், இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள், ஊரிலிருந்து தனியாக வந்த இளைஞர்கள் ஆகியோரே எங்கள் பதிவேட்டில் அதிகம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது, இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வாரத்துக்குக்கூட இருப்பு இல்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். தீபாவளி, பொங்கல் சமயத்தில் எங்கள் அறையில் மூட்டை வைக்க இடம் இராது. ஜூன் மாதத்தில் அலமாரி வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் தேவை மிகுவது அப்போதுதான். மழை தொடங்கியதும் கட்டட வேலை குறைகிறது. கூலி நின்று போகிறது. பள்ளிகள் திறந்து புத்தகச் செலவும் வந்து சேர்கிறது. தீபாவளி அரிசியை ஜூன் வரை வைத்திருக்கலாமே என்றால், மும்பை ஈரத்தில் வண்டு பிடித்துவிடும். ஆட்டா இன்னும் சீக்கிரம் கெடும். ஆகவே பண்டிகைக்கு ஒருமுறை 20 கிலோ தருவதைவிட மாதம் 2 கிலோ தருவது மேல்.

அடுத்தது பொருள். பத்து வீடுகளிலிருந்து பிடி அரிசி வாங்கினால் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, பாஸ்மதி எல்லாம் கலந்து வரும். ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும். வாங்குபவர் ஏழை என்பதற்காக அந்தச் சோற்றை அவர் தலையில் கட்டலாமா? ஒரு குடியிருப்பில் உள்ளவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வகை அரிசி கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்களுக்கு ஆட்டாவும், நம்மவர்களுக்கும் கொங்கணத்தாருக்கும் அரிசியும் பயன்படும். துவரம் பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட், உப்பு, சர்க்கரை, தேயிலை, சோப்பு எல்லார்க்கும் வேண்டியவை. வீட்டில் கிடந்து தேதி முடியப்போகும் சூப் பொடியைத் தள்ளிவிடும் இடமாக உணவு வங்கியை நினைக்க வேண்டாம். பணமாகக் கொடுத்தால் வாஷி மார்க்கெட்டில் மொத்த விலையில் குறைந்ததை மட்டும் வாங்க முடிகிறது.

விசேஷ வீட்டு உணவு கொடுக்க விரும்புவோர் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. மாலை 5 மணிக்குக் கூப்பிட்டு "மத்தியானச் சாப்பாடு மிஞ்சியிருக்கிறது" என்றால் எடுப்பதற்கில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெந்த சோற்றிலும் அழியாமல் தங்கிப் பின்னர் நஞ்சை உண்டாக்கும் கிருமி உண்டு. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் சட்னியும் முதலில் கெடுபவை. பந்தியில் பரிமாறியது போக, சமையலறையில் கை படாமல் மூடி வைத்ததை மட்டுமே கொடுக்க வேண்டும். மிஞ்சிய உணவைத் திரட்டி வழங்குவதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிகளே வகுத்திருக்கிறது.

இன்னொன்று. கொடுக்கும்போது போட்டோ எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். பொட்டலம் வாங்கும் அம்மாவின் மகன் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிப்பவனாக இருக்கக்கூடும்.

நம் சங்கம் என்ன செய்யலாம்? ஒரு பிடியை 50 கிராம் என்று வைத்தால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 100 குடும்பங்கள் சேர்ந்தால் 150 கிலோ. 30 வீடுகளுக்கு 5 கிலோ வீதம் கொடுக்கலாம். முதல் படியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களுக்கு நம் வட்டாரத்து உணவு வங்கியின் அரிசி அலமாரியைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரே வகை அரிசியாகவோ அதற்குரிய பணமாகவோ திரட்டலாம். மராத்தியும் இந்தியும் தெரிந்த இளைஞர்கள் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்தால், பதிவு எழுதவும் ரேஷன் அட்டைச் சிக்கல்களை விளக்கவும் பேருதவியாக இருக்கும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலம் வருவதற்குள் முடிவெடுத்தால் நலம்.