கதிர்ச் சிகிச்சையும் மார்க்கம் தந்த சலுகையும்

 

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் கற்பிட்டி, புத்தளம் கரையோரங்களில் இன்றும் உண்டு. பாக்கு தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதை நாம் அறிவோம்.

இந்நோய்க்கு மஹரகம அபேக்ஷா போன்ற வைத்தியசாலைகளில் அளிக்கப்படும் கதிர்ச் சிகிச்சை, பெரும்பாலும் வாரத்தில் 5 நாட்களாக 6 அல்லது 7 வாரங்கள் நீடிக்கும். இடையில் நாட்களைத் தவறவிட்டால் பயன் குன்றும். ஆனால், அச்சமும் வேதனையும் மிகும்போது இடைநிறுத்திவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

முதலில் அச்சுறுத்துவது, தலை அசையாதிருக்க முகத்தின்மேல் பொருத்தப்படும் கவசமாகும். அது வலைபோன்றது, மூச்சைத் தடுக்காது. ஊழியர்கள் கமராவில் கவனித்துக் கொண்டேயிருப்பர். கையை உயர்த்தினால் நிறுத்துவர். அச்சில நிமிடங்களில் உள்ளத்தால் திக்ரு செய்யுங்கள். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பிப் பிள்ளைகளை அணைத்துக் கொள்ளலாம்.

இரண்டு, மூன்று வாரங்களில் வாய்ப்புண், வறட்சி, சுவைக்கேடு, விழுங்கும்போது வலி ஆகியன தோன்றும். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளியுங்கள். உறைப்பைத் தவிர்த்துக் கஞ்சி, முட்டை, மசித்த மீன் உண்ணுங்கள். கதிர்பட்ட தோலில் அத்தர் பூசாதீர்கள். அவ்விடத்தில் தாடி உதிர்ந்தால் வருந்தாதீர்கள். வலியை மறைக்காது வைத்தியரிடம் கூறுங்கள், அதற்கு மருந்துண்டு. வெற்றிலையையும் புகைத்தலையும் முற்றாக விடுங்கள்.

ரமழானில் சிகிச்சை அமைந்தால், நோன்பை விடுவது ஈமானின் குறைவு எனக் கருதாதீர்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களே தந்துள்ளன. நீரின்றி வாடும் உடல் சிகிச்சையைத் தாங்காது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம்; முகத்தில் நீர்படுவது தீங்கென வைத்தியர் கூறினால் தயம்மும் பற்றி ஆலிமிடம் கேட்டறியலாம்.

அயலவரே! கற்பிட்டியிலிருந்து மஹரகமை செல்லும் பயணம் நெடியது. உடன் செல்ல ஒருவரும் வாகனச் செலவுக்கு உதவியும் கிடைத்தால், அந்நோயாளி ஒரு நாளையும் தவறவிடமாட்டார். நோய் விசாரிப்பது ஸுன்னத். இதுவும் அதன் ஒரு வழியே.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.