நம்பர் நம்மகிட்ட இருக்கட்டும்: பிரிட்டன்ல காண்ட்ராக்ட் ஃபோன் கிடைக்கலைன்னா என்ன பண்றது?

இந்த எபிசோட் ஒரு மெசேஜ்ல இருந்து வந்தது. லெஸ்டர்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு, கிராஜுவேட் விசால வேலை தேடிக்கிட்டு இருக்கிற ஒரு தம்பி எழுதியிருந்தாரு. ஊர்ல இருந்து வந்த புதுசுல, தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் தன் பேர்ல இவருக்கு ஒரு ஃபோன் காண்ட்ராக்ட் எடுத்துக் கொடுத்திருக்காரு. மாசா மாசம் இவர் காசை அண்ணாவுக்கு அனுப்பிடுவாரு. இப்ப ரெண்டு வருஷம் முடியப் போகுது. அண்ணா வீடு வாங்கப் போறாரு, "என் பேர்ல இருக்கிறதை எல்லாம் மூடணும்பா, நீ உன் பேருக்கு மாத்திக்கோ"ன்னு சொல்லிட்டாரு. தம்பி கடைக்குப் போனா கிரெடிட் செக்ல ஃபெயில். அவர் கேட்ட கேள்வி ஒரே வரி: "அண்ணா, ஃபோன் போனா பரவாயில்ல, நம்பர் போயிடுமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற பயம் எனக்கு நல்லாவே தெரியும். அறுபது கம்பெனிக்கு அனுப்பின சிவில அந்த நம்பர்தான் இருக்கு. பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும். விசா ஸ்டேட்டஸ் பார்க்கிற அக்கவுன்ட் லாகின்ல அந்த நம்பர். டாக்டர் கிளினிக்ல அந்த நம்பர். ஒரு ரெக்ரூட்டர் ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போகாது. ஆனா வரிசையா சில வேலை பண்ணணும், வரிசை மாறினா சிக்கல் வரலாம்.

அதுக்கு முன்னாடி என் கதை. நான் 2023 செப்டம்பர்ல மான்செஸ்டர் வந்தேன். கையில ஆஃபர் லெட்டர், சம்பளம் ஓகே, ஊர்ல சிபில் ஸ்கோரும் நல்லா இருந்தது. நவம்பர்ல ஒரு சனிக்கிழமை ஃபோன் கடைக்குப் போனேன். அந்தப் பையன் பாஸ்போர்ட், அட்ரஸ், பேங்க் கார்டு எல்லாம் வாங்கி டைப் பண்ணான். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தான். "சாரி, சிஸ்டம் ஏத்துக்கலை." ஏன்னு கேட்டேன். அவனுக்கே தெரியாது. எனக்குப் பின்னாடி நாலு பேர் க்யூல நிக்கிறாங்க. கடன் கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா ஒரு மாதிரி காது சூடாகும் பாருங்க, அது.

அப்புறம் நான் பண்ணதுதான் முட்டாள்தனம். அதே தெருவுல அடுத்த கடை. அங்கயும் இல்லை. அதுக்கு அடுத்த கடை. ஒரே மதியத்துல மூணு அப்ளிகேஷன். ஒவ்வொண்ணும் என் கிரெடிட் ஃபைல்ல "ஹார்ட் சர்ச்"சா பதிவாகும், அடுத்து பார்க்கிறவனுக்கு அது தெரியும், "இந்த ஆள் அவசரமா எங்கயோ கடன் தேடறான்"னு அவன் நினைப்பான்னு எனக்கு அப்ப தெரியாது.

ஃபோனுக்கு எதுக்கு கடன் செக்? நம்ம ஊர்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல ப்ரீபெய்ட். முதல்ல காசு, அப்புறம் பேச்சு. அதனால நமக்கு இது புரியறதே கஷ்டம். இங்க காண்ட்ராக்ட்னா ரெண்டு கடன் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு ஹேண்ட்செட்: 700 பவுண்ட் சாமானை இன்னைக்கே கொடுத்துட்டு 24 மாசம் வசூல் பண்றான். இன்னொண்ணு, பேசிட்டு அப்புறமா பில் கட்டறோம், அதுவும் ஒரு சின்ன கடன்தான். அதனாலதான் ஹேண்ட்செட்டே இல்லாத 12 மாச சிம்-ஒன்லி பிளானுக்குக்கூட செக் பண்ணுவான்.

செக் பண்றதுக்கு அவன் கேக்கறது எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன்னு மூணு பீரோல ஒண்ணையோ ரெண்டையோ. எக்ஸ்பீரியன் இந்தியாவுலயும் இருக்கு. ஆனா நம்ம ஊர் ஃபைல் இந்த ஊர் கடைக்காரன் ஸ்கிரீனுக்கு வராது. நீங்க சென்னைல ஹோம் லோன் ஒழுங்கா கட்டியிருந்தாலும் இங்க நீங்க நேத்து பிறந்த குழந்தை.

புரோகிராமிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வார்த்தைல சொல்லலாம். நம்ம ஸ்கோர் ஜீரோ இல்ல, நல். ஜீரோன்னா பார்த்தோம், ஒண்ணும் இல்ல. நல்லுன்னா பார்க்கவே எதுவும் இல்ல. தமிழ்ல "நல்"ன்னா நல்லதுன்னு அர்த்தம், பீரோ அகராதில அப்படி இல்ல.

சரி, எனக்கு வேலை இருக்கு, பேங்க் அக்கவுன்ட் இருக்கு, ரெண்டு மாசமா கரண்ட் பில் கட்டறேன். கொஞ்சமாவது டேட்டா இருக்கணுமே? இருந்தது. ஆனா துண்டு துண்டா இருந்தது. இது குறிப்பா நம்ம தமிழ் ஆளுங்களோட பிரச்சினை, கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

நமக்கு குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேர் இனிஷியல். பாஸ்போர்ட்ல சிலருக்கு சர்நேம் கட்டமே காலி, சிலருக்கு அப்பா பேர் அங்க ஏறியிருக்கும், சிலருக்கு நம்ம பேரே சர்நேமா போயிருக்கும். என் கேஸ்ல பேங்க்ல என் பேரு முன்னாடி, அப்பா பேரு பின்னாடி. கரண்ட் கம்பெனிக்கு ஃபோன்ல சொன்னப்போ இனிஷியல் போட்டுட்டாங்க. கடையில நான் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி கொடுத்தேன், அது தலைகீழ். அட்ரஸும் அப்படித்தான். ஒரு இடத்துல "பிளாட் 2", இன்னொரு இடத்துல "2ஏ", மூணாவது இடத்துல பில்டிங் பேர் மட்டும். பீரோ மெஷினுக்கு இதெல்லாம் ஸ்ட்ரிங் மேட்ச். மூணு பேரும் நான்தான்னு அதுக்கு யார் சொல்றது?

இதைக் கண்டுபிடிச்சது எப்படின்னா, ரிப்போர்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். உங்க சட்டப்படியான கிரெடிட் ரிப்போர்ட்டை மூணு பீரோவும் இலவசமா தரணும். முன்னாடி 2 பவுண்ட் வாங்கிட்டு இருந்தாங்க, 2018 மே மாசம் டேட்டா சட்டம் மாறினதுல இருந்து அதுவும் இல்ல. ஆப்ல பெருசா காட்டற ஸ்கோர் நம்பரைப் பார்த்து பயப்படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க. ஒவ்வொரு பீரோவுக்கும் ஒரு அளவுகோல். கடன் கொடுக்கிறவன் அந்த நம்பரைப் பார்க்கறதில்ல, உள்ளே இருக்கிற டேட்டாவை எடுத்து தன் கணக்கை தானே போட்டுக்கறான். பார்க்க வேண்டியது பேரு, அட்ரஸ், பழைய அட்ரஸ், யாரோட கணக்காவது உங்களோட கட்டப்பட்டிருக்கான்னு. எந்த பீரோல பார்த்து ரிஜெக்ட் பண்ணீங்கன்னு கம்பெனிகிட்ட கேட்டா பீரோ பேரை சொல்லணும். அந்த ரிப்போர்ட்டை முதல்ல எடுங்க.

அடுத்தது பல பேருக்குத் தெரியாத விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க செல்லுபடியாகிற விசாவோட பிரிட்டன்ல குடியிருந்தா, காமன்வெல்த் குடிமக்கள்ங்கிற கணக்குல வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கலாம். ஆமா, ஓட்டே போடலாம். ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை, நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் கையில இருந்தா போதும். அந்த முழுப் பட்டியலை பீரோக்கள் பார்க்கலாம். "இந்தப் பேர்ல, இந்த அட்ரஸ்ல ஒரு ஆள் நிஜமாவே இருக்கான்"னு அவங்களுக்குக் கிடைக்கிற பெரிய சாட்சி இதுதான். ஓபன் ரிஜிஸ்டர்ல இருந்து விலகறேன்னு டிக் பண்ணாலும் இது பாதிக்காது. நான் கிரெடிட் செக்குக்காகத்தான் பதிஞ்சேன், கடைசில 2024 ஜூலை 4 தேர்தல்ல இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டும் போட்டுட்டு வந்தேன். அம்மாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னா நம்பவே இல்ல. "அங்க உனக்கு எதுக்குடா ஓட்டு?"

ஆனா இதெல்லாம் பீரோல ஏற வாரக்கணக்குல ஆகும். தம்பிக்கு இருக்கிறது அடுத்த மாசம் வரைக்கும். அதனால நம்பர் விஷயத்துக்கு வரேன்.

இங்க கிரெடிட் செக்கே இல்லாத 30 நாள் சிம் பிளான்கள் நிறைய. முன்பணம் கட்டறோம், அதனால செக் பண்ண எதுவும் இல்ல. கிஃப்காஃப் ஓ2-வோடது, ஸ்மார்ட்டி த்ரீயோடது, வோக்ஸி வோடஃபோனோடது. அதே டவர், வேற போர்டு. லெபாரா, லைகா எல்லாம் நம்ம ஆளுங்க ஏற்கெனவே பாக்கெட்ல வெச்சிருப்பீங்க. லைகான்னா நமக்கு "கத்தி", "பொன்னியின் செல்வன்" ஞாபகம் வரும், ஆனா அது முதல்ல அல்லிராஜா சுபாஸ்கரன்ங்கிற இலங்கைத் தமிழர் 2006-ல ஆரம்பிச்ச சிம் கார்டு கம்பெனி.

இப்ப படிப்படியா. புது சிம்மை உங்க பேர்ல முதல்ல வாங்கி ஆக்டிவேட் பண்ணுங்க. அதுல ஒரு தற்காலிக நம்பர் இருக்கும், கவலைப்படாதீங்க. பழைய நம்பர்ல இருந்து இன்ஃபோ-ங்கிற வார்த்தையை ஆங்கிலத்துல டைப் பண்ணி 85075-க்கு அனுப்புங்க. இப்ப விலகினா காண்ட்ராக்ட்ல எவ்வளவு பாக்கி கட்டணும்னு பதில் வரும். தம்பி கேஸ்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த பில் அண்ணா பேருக்குத்தான் போகும். பதில்ல ஜீரோன்னு வந்தா, இல்ல அந்தத் தொகைக்கு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, அடுத்து பி-ஏ-சிங்கிற மூணு ஆங்கில எழுத்தை 65075-க்கு அனுப்புங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு கோடு வரும். 30 நாள் செல்லும். அதைப் புது கம்பெனிக்குக் கொடுத்தா, அடுத்த வேலை நாள்ல நம்பர் மாறிடும், பழைய காண்ட்ராக்ட் தானா மூடிடும். 2019 ஜூலைல இருந்து இதுதான் முறை, யார்கிட்டயும் ஃபோன்ல மன்றாட வேண்டாம்.

ஆனா கவனம். 75075-ன்னு இன்னொரு நம்பர் இருக்கு, எஸ்-டி-ஏ-சின்னு ஒரு கோடு தரும். அது நம்பரே வேண்டாம்னு விட்டுட்டுப் போறவங்களுக்கு. ஒரு எழுத்து கூடுதலா டைப் பண்ணி தப்பான இடத்துக்கு அனுப்பி, வந்த கோடைப் புது கம்பெனிக்குக் கொடுத்துட்டா நம்பருக்கு டாட்டா. அதே மாதிரி அண்ணாவை "காண்ட்ராக்டை கேன்சல் பண்ணிடுங்க"ன்னு சொல்லிடாதீங்க. கேன்சல் ஆகி லைன் கட்டான பிறகு மாத்தறது சிக்கலாகலாம். நம்பர் உயிரோட இருக்கும்போதே அதைத் தூக்கிடறது நல்லது. இன்னொண்ணு, அந்த அக்கவுன்ட் அண்ணாவோடது. ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிட்டு அவர் சம்மதத்தோட பண்ணுங்க.

வெள்ளிக்கிழமை பண்ணாதீங்க, சனி ஞாயிறு நடுவுல மாட்டிக்கும். வாடகை அனுப்பற நாளும் வேண்டாம், மாறுற அன்னைக்கு சில மணி நேரம் ஓடிபி வராம போகலாம். பே-அஸ்-யூ-கோ சிம்ல இருந்து மாறினா மிச்ச பேலன்ஸ் கூட வராது, பேசித் தீர்த்துடுங்க. புது சிம்மையும் சும்மா டிராயர்ல போட்டு வெக்காதீங்க. கிஃப்காஃப்ல ஆறு மாசம் தொடாம விட்டா நம்பர் போயிடும்.

ஹேண்ட்செட்? 2021 டிசம்பர்ல இருந்து லாக் பண்ணின ஃபோனை நெட்வொர்க்குகள் விக்கவே கூடாது, அதனால அதுக்கப்புறம் வாங்கினதுல எந்த சிம்மும் ஓடும். பழைய ஃபோன் வாங்கினா *#06# அடிச்சு ஐஎம்இஐ நம்பரை செக் பண்ணிட்டு காசைக் கொடுங்க. திருட்டுப்போனதுன்னு பிளாக் ஆன ஃபோன் இங்க எந்த நெட்வொர்க்லயும் எடுக்காது. நான் அந்த நவம்பர்ல ஒரு ரீஃபர்பிஷ்ட் ஃபோன் வாங்கினேன். மூலைல சின்ன கீறல். இப்பவும் இதை அதுலதான் ரெக்கார்ட் பண்றேன்.

இன்னொருத்தர் பேர்ல காண்ட்ராக்ட் எடுக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர் பாசத்துல இது சாதாரணம். என்கிட்டயும் ஆபீஸ்ல ஒரு அண்ணா "என் பேர்ல எடுத்துக்கோடா"ன்னு சொன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன், ஏன்னா என் பழைய ரூம்மேட் இதே மாதிரி எடுத்துக் கொடுத்தவரு. ஃபோன் வாங்கின பையன் வேலை போய் ஊருக்குத் திரும்பிட்டான், ஃபோனோட. இவர் கௌரவம் பார்த்து யார்கிட்டயும் சொல்லாம, கட்டவும் முடியாம விட்டாரு. கட்டாத கணக்கு ஃபைல்ல ஆறு வருஷம் நிக்கும். அந்தப் பையனைத் திட்டக்கூட எனக்கு மனசு வரலை, அவனுக்கு அப்ப சாப்பாட்டுக்கே இல்ல. ஆனா ரெண்டு பேரும் இப்ப பேசறதில்ல.

கொஞ்ச மாசம் கழிச்சு திரும்ப காண்ட்ராக்ட் முயற்சி பண்றவங்க, முதல்ல "எலிஜிபிலிட்டி செக்" இருக்கான்னு பாருங்க. சில கம்பெனிகள்ல இருக்கு, அது சாஃப்ட் சர்ச், மத்தவங்களுக்குத் தெரியாது. செக் இல்லாத 30 நாள் சிம் ஒழுங்கா ரீசார்ஜ் பண்றதால ஹிஸ்டரி ஏறும்னு நினைக்காதீங்க. அங்க கடனே இல்ல, பதிய என்ன இருக்கு? "எல்லாருக்கும் கேரண்டி காண்ட்ராக்ட்"னு வர்ற விளம்பரங்களை நான் கிளிக்கே பண்ண மாட்டேன்.

தம்பி போன செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி மெசேஜ் பண்ணாரு. இன்ஃபோ அனுப்பினப்போ பாக்கி இன்னும் ஒரு மாசத் தொகை காட்டியிருக்கு, அதை அண்ணாவுக்கு அனுப்பிட்டு நம்பரை மாத்திட்டாரு. காலைல பதினோரு மணிக்கு சிக்னல் போச்சாம், மதியம் ரெண்டு மணிக்கு வந்துச்சாம். நடுவுல மூணு மணி நேரம் ஃபோனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு எழுதியிருந்தாரு. வந்த முதல் கால் ரெக்ரூட்டர் இல்ல. அவங்க அம்மா, "ஏன்டா லைன் கிடைக்கல?"ன்னு.

இந்திய நம்பரை இங்க இருந்தே உயிரோட வெச்சுக்கிறது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அது அடுத்த எபிசோட்ல.