ஒரு ரப்பர் அச்சு, மூன்று மார்க்கர்: தாணேயிலிருந்து ஊருக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

மார்கழி பாதி ஆவதற்குள் தெற்கே போகும் ரயில்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. இடம் கிடைத்தவருக்கு லீவு கிடைப்பதில்லை. லீவு கிடைத்தவரிடம் குடும்பத்தோடு போய்வரப் பணம் இருப்பதில்லை. தாணே, கல்வா, தாராவி, செம்பூர் எங்கும் அனேகம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் இப்படித்தான் வருகிறது. மகாராஷ்டிரத்தில் அன்று சங்கராந்தி. ஆனாலும் பல ஆபீசுகளும் பட்டறைகளும் திறந்தே இருக்கும். வாசலில் பானை வைத்து, பால் பொங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் உண்டு.

ஊரில் இருக்கும் தாய்க்கு என்ன அனுப்புவது? பணம் செல்போனிலேயே போய்விடுகிறது. வாழ்த்தும் அதிலேயே போகிறது. யாரோ எங்கோ செய்த கரும்புப் படம் பத்துப் பேர் கைமாறி நம்மிடம் வந்து, அடுத்த நொடியே ஊருக்குப் போகிறது. பதிலுக்கு ஒரு கும்பிட்ட கை வருகிறது. அதோடு சரி. அடுத்த மாதம் செல்போனில் இடமில்லை என்று பேரன் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான்.

கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு இந்தக் கதி இல்லை. அதைச் செய்வதற்குச் சித்திரக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு ரப்பர் அச்சும், கறுப்பு மையும், மூன்று மார்க்கர் பேனாவும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

தபால் பை கனத்த காலம்

பொங்கல் வாழ்த்து அட்டை தமிழர்களுக்குப் புதிதல்ல. 1960, 70, 80களில் தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே பெட்டிக்கடைகளிலும் நடைபாதைகளிலும் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஏர் பிடித்த உழவர், ஜோடி மாடு, முருகன், லட்சுமி, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று எத்தனை ரகம்! பல சிவகாசியில் அச்சானவை. யாருக்கு எந்தப் படம் என்பது பெரிய யோசனை. சிவாஜி ரசிகரான மைத்துனருக்கு எம்.ஜி.ஆர். அட்டை போய்விட்டால் ஒரு வருடத்துக்குப் பேச்சு இருக்காது!

உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிவிட்டால் கட்டணம் குறைவு. ஆனால் உள்ளே கடிதம் எழுதக் கூடாது. பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சிக்கனத்தினால்தானோ என்னவோ, பழைய டிரங்குப் பெட்டிகளில் கிடைக்கும் அட்டைகளில் ‘இப்படிக்கு’ என்பதற்குமேல் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. இருந்தும் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஆணியில் குத்தி வைத்த அட்டையைப் பார்த்து, ‘இது பம்பாயிலிருந்து வந்தது’ என்று விருந்தாளியிடம் சொல்லாத தாய் உண்டா?

தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்ததும் அட்டை மெலிந்தது; 2000க்குப் பிறகு செல்போன் குறுஞ்செய்தி அதை ஏறக்குறைய முடித்தே விட்டது.

லண்டன் அதிகாரியின் அவசரம்

கடையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் பிறந்தது. அதைப் போட்டவர் ஹென்றி கோல் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர். பிரிட்டனில் 1840இல் ஒரு பென்னி தபால் வந்த பிறகு அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி வரை அச்சிட்டார். தமக்கு வேண்டியது போக மிச்சத்தை அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சானது கோடு மட்டும்தான். வர்ணம் முழுவதும் கையால் தீட்டியது. கறுப்புக் கோட்டை அச்சு போடட்டும், நிறத்தைக் கை போடட்டும் என்ற அந்த முறையைத்தான் இன்றும் ரப்பர் அச்சும் மார்க்கரும் வைத்துக்கொண்டு அட்டை செய்கிறவர்கள் பின்பற்றுகிறார்கள்.

தாணேக்கும் இதில் பங்கு இல்லாமலில்லை. இந்தியாவின் முதல் பயணி ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த ஊர் தாணே. மறு ஆண்டு, 1854 அக்டோபரில், தூரம் எவ்வளவானாலும் லேசான கடிதத்துக்கு அரையணா என்ற ஒரே கட்டணமும் வந்தது. ரயிலும் மலிவுத் தபாலும் சேர்ந்த பிறகுதான் ஏழையின் வாழ்த்து வெகுதூரம் போக முடிந்தது.

குமாஸ்தாவுக்குத் தெரிந்த வித்தை

ரப்பர் ஸ்டாம்பைப் பற்றிக் குமாஸ்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பெறப்பட்டது’, ‘செலுத்தப்பட்டது’ என்று நாளெல்லாம் குத்திக் குத்திக் கை காய்த்தவர்கள் அவர்கள். பேடில் எவ்வளவு அழுத்த வேண்டும், காகிதத்தில் எப்படி ஆடாமல் இறக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். அச்சு ஆடினால் கோடு இரட்டிக்கும். மை அதிகமானால் ஓரம் வழியும். அதே வித்தைதான் இங்கும்.

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். பதப்படுத்திய பிறகே அச்சு வார்க்க உதவியது. பொங்கல் பானையும் கரும்பும் வரைந்து கொடுத்தால், சீல் செய்யும் கடைக்காரர் இன்று லேசர் இயந்திரத்தில் செதுக்கிக் கொடுத்துவிடுவார். பானைக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம். தாராவிக் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் பானைகள் தெருவெங்கும் காய்ந்துகொண்டிருக்கும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பென்சில் எழுத்தை அழிக்கும் பெரிய ரப்பர் ஒன்றும், ஒரு பிளேடும் போதும். மெல்லிய காகிதத்தில் மெத்தென்ற பென்சிலால் படத்தை வரையவும். அதை ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கோடு ரப்பரில் இறங்கிவிடும். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். பூ வேண்டுமென்றால் அதுவும் வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ தயார்!

அச்சைச் சுத்தம் செய்ய ஈரத்துணி போதும். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிப் போகும், ஜாக்கிரதை.

மார்க்கர் செய்யும் மாயம்

பிள்ளைகள் உபயோகிக்கும் தண்ணீர் மை ஸ்கெட்ச் பேனாவால் வர்ணம் தீட்டினால் கோடு கோடாகத் தெரியும். மறுமுறை தேய்த்தால் காகிதம் திரிந்து பிசிறு வரும். ஆல்கஹால் மார்க்கரில் அந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள சாயம் சாராயச் சத்தில் கரைந்தது. நொடியில் காய்கிறது. காய்வதற்குள் பக்கத்து நிறத்தோடு கலந்தும் விடுகிறது. பார்சல் பெட்டியில் விலாசம் எழுதும் அழியா மார்க்கரும் இதே ஜாதிதான். அமெரிக்காவில் சிட்னி ரோசென்தால் 1953இல் கண்ணாடிக் குப்பியில் மை நிரப்பி, கம்பளித் திரி வைத்து ‘மேஜிக் மார்க்கர்’ என்று விற்றார். ஓவியர்கள் மெச்சும் ‘காப்பிக்’ மார்க்கர் 1987இல் ஜப்பானில் வந்தது. அதில் ஒரு பேனாவே சில நூறு ரூபாய், குடும்பஸ்தருக்குக் கட்டாது. மலிவான செட்டுகள் அப்துல் ரகுமான் தெருவிலும், தாணே ஜாம்பளி நாக்காப் பக்கத்துக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று நிறம் என்றால் மஞ்சள், காவி, பழுப்பு. பானை முழுவதும் முதலில் மஞ்சள். அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் காவி. வளைவின் அடியில் மட்டும் பழுப்பு. பிறகு நிறங்கள் சேரும் இடத்தில் மறுபடி மஞ்சளை ஓட்டினால் கோடு மறைந்து பானை உருண்டு திரண்டு நிற்கும். எப்போதும் வெளிர் நிறத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். கறுத்துப்போன இடத்தை வெளுக்க வைக்க முடியாது. வெளிச்சம் படும் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டால் இன்னும் நல்லது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆபீசிலிருந்து ஊதா நிற ஸ்டாம்பு பேடைக் கொண்டுவந்து அச்சுப் போட்டு, அதன்மேல் மார்க்கரை ஓட்டினால், கோடு முழுவதும் கரைந்து பானை ஊதாக் குளமாகிவிடும். அந்தச் சாயம் ஆல்கஹாலில் கரையக்கூடியது. சாராயச் சத்தால் கரையாத கறுப்பு மையாகப் பார்த்து வாங்க வேண்டும். துண்டுக் காகிதத்தில் குத்தி, பத்து நிமிடம் காயவிட்டு, வெளிர் மஞ்சளை மேலே ஓட்டிப் பார்த்தால் நல்லது கெட்டது தெரிந்துவிடும். ஊதா பேடுதான் கையில் இருக்கிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: முதலில் வர்ணம், நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் அச்சு.

பானைக்குப் பின்னால் கரும்பு நிற்பதுபோல் செய்வதும் சுலபமே. பானையை வேறொரு மெல்லிய தாளில் அச்சிட்டு வெட்டியெடுத்து, அட்டையிலுள்ள பானைமேல் சரியாக வைத்து மூடவும். கரும்பு அச்சை அதற்கு மேலேயே குத்தவும். தாளை எடுத்தால் கரும்பு பானைக்குப் பின்னே ஒதுங்கியிருக்கும். முதல் தடவை பார்க்கும் குழந்தைகள் கை தட்டுவார்கள்.

ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள் அடுப்பு எரியும்போது இந்த மார்க்கரைத் திறக்கக் கூடாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

தலைகீழாய்ப் படித்த தமிழ்

இங்கே வளரும் பிள்ளைகளில் அனேகருக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, இந்தி, பள்ளியில் இங்கிலீஷ். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. பாட்டியிடம் போனில் நன்றாகப் பேசும் பேத்திக்குப் பாட்டியின் பெயரை எழுதத் தெரியாது. பெற்றோரின் மனதை அறுக்கும் விஷயம் இது.

அந்தப் பிள்ளையிடம் ரப்பரைக் கொடுத்து, ‘பொங்கல்’ என்று செதுக்க உதவச் சொல்லிப் பாருங்கள். பிளேடு பெரியவர் கையில் இருக்கட்டும். எழுத்தைத் திருப்பிப் போடுவது பிள்ளையின் வேலை. அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும். வார்த்தை ‘ல்’லில் தொடங்கிக் கொம்பில் முடியும். ‘ப’ மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய ‘ப’வாகவே நிற்கும். ‘க’வின் சுழி எந்தப் பக்கம் வளைகிறது, ‘ங’ எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்காமல் செதுக்க முடியாது. புள்ளிதான் சிரமம், பிளேடு பட்டால் பறந்துவிடும். பறந்தால் கவலை இல்லை, அச்சான பிறகு பேனாவால் வைத்துக்கொள்ளலாம்.

யூனிசெப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டையே ஒரு குழந்தையின் படம்தான். போருக்குப் பிறகு உதவி பெற்ற செக்கோஸ்லோவாகியாவின் ஒரு கிராமத்திலிருந்து ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி நன்றியாக அனுப்பிய படம் அது. காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள். 1949இல் அது அட்டையாக வந்தது. நம் மும்பையிலேயே 1979இல் ரிப்பன் கபூரும் நண்பர்களும் 50 ரூபாயில் தொடங்கிய ‘கிரை’ அமைப்பும் குழந்தைகளுக்காக வாழ்த்து அட்டை விற்றே வளர்ந்தது.

ஒரு அட்டை அதிகமாகச் செய்தால் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கு ஆகும். அன்று அவர்கள் எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசும்படி சொல்வார்கள். வெறுங்கையோடு வாங்குவானேன்? பட்டம் ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கலாம்.

எடையும் விலாசமும்

காகிதம் வழவழப்பாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். மெல்லியதில் மார்க்கர் மறுபக்கம் ஊறிவிடும். சதுர மீட்டருக்கு 250 கிராம் ரகத்தில் ஏ-4 தாள் ஒன்று 15½ கிராம் இருக்கும். அதை முழுதாக மடித்து உறையில் போட்டால் சாதாரணக் கடிதத்துக்குரிய 20 கிராமைத் தாண்ட இடமுண்டு. ஆகவே தாளைப் பாதியாக வெட்டி இரண்டு அட்டை செய்வதே லாபம். தபால்தலை குறைந்துபோய் ஊரில் அம்மாவிடம் தபால்காரர் பணம் கேட்கும்படி ஆகக் கூடாது.

வாழ்த்தை அச்சே சொல்லிவிடுவதால் உள்பக்கம் காலியாக இருக்கும். புக் போஸ்ட் அட்டைகளில் எழுத முடியாமல் போனதை அங்கே எழுதலாம். வாடகை ஏறியது, சின்னவள் அலமாரியின் மூன்றாம் தட்டு உயரம் வந்துவிட்டது, போன மழையில் கூரை ஒழுகவில்லை என்பதெல்லாம்தான் அங்கே படிக்கப்படும்.

ஜனவரி முதல் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். பின்கோடு 1972 ஆகஸ்டு 15 முதல் இருந்தும், சொந்த ஊரின் ஆறு இலக்கம் நினைவில் இல்லாதவர்கள் அனேகம். கதவு எண்ணும் மாறியிருக்கும். போன் போட்டு அம்மாவிடமே கேட்க வேண்டியதுதான். ‘எதுக்குடா விலாசம் கேக்கிற?’ என்று அவர் கேட்பார். என்ன பதில் சொன்னாலும் அன்றிலிருந்து அவர் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.