சொல்ல வெட்கம், தாங்க வேதனை!

திருமழிசையில் ஒரு மருந்துக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரம். பூந்தமல்லியில் இருந்து வந்த பஸ் கூட்டத்தை இறக்கிவிட்டுப் போகிறது. கடை முன் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மட்டும், கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார்.

"என்னம்மா வேணும்?" என்று கேட்கிறான் கடைப் பையன்.

அந்த அம்மாள் இரண்டு பக்கமும் பார்க்கிறார். "தலைவலித் தைலம் ஒண்ணு கொடுப்பா" என்கிறார். வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அவருக்குத் தலைவலியே இல்லை! அவர் வாங்க வந்தது வேறு. அதைக் கேட்க வாய் வரவில்லை.

தாம்பத்திய உறவின்போது பெண்களுக்கு ஏற்படும் வறட்சியையும் வலியையும் போக்கும் வழுவழுப்பு ஜெல்தான் அது. "லூப்ரிகண்ட்" என்று கடைகளில் சொல்கிறார்கள்.

ஏன் வருகிறது?

இது ஒழுக்கக் கேடும் அல்ல. ஆசை அற்றுப்போனதன் அடையாளமும் அல்ல. உடம்பின் இயற்கை.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்போது உடம்பில் "ஈஸ்ட்ரோஜன்" என்ற சுரப்பு குறைகிறது. பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கும் உண்டு.

வலிக்குப் பயந்து மனைவி விலகுகிறாள். காரணம் தெரியாத கணவன், "நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று மனம் வெதும்புகிறான். இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் பேச்சே குறைந்துவிடுகிறது. ஒரு சிறிய ஜெல் குழாய் தீர்க்கக்கூடிய விஷயம் இது!

எண்ணெய் ஆகாதா?

"வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போகவேண்டும்?" என்று கேட்கலாம்.

ஆணுறை பயன்படுத்தும் தம்பதிகள் எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது. ஆணுறை பெரும்பாலும் ரப்பர்ப் பாலில் செய்யப்படுவது. எண்ணெயும் வாசலினும் சில நிமிடங்களிலேயே அதன் உறுதியைக் கெடுத்துவிடும்; கிழிந்துபோகும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லில் இந்த ஆபத்து இல்லை. தண்ணீர் விட்டால் கழுவிப் போய்விடும். துணியில் கறையும் நிற்காது.

"ஆர்கானிக்" என்ற சொல்

இப்போது சில ஜெல்களின் மேல் "ஆர்கானிக்" என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. விலையும் கூடுதல்.

உள்ளே இருப்பது என்ன? பல ஜெல்களில் நாம் அறிந்த சரக்குகள்தாம்! "குவார் கம்" என்பது கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பசை. உலகுக்கே பெரும்பகுதியை அனுப்புவது நம் நாடு. ராஜஸ்தானில் ஏராளமாக விளைகிறது. "காராஜீனன்" என்பது கடல்பாசியில் இருந்து எடுப்பது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெண்கள் வளர்க்கும் பாசியில் அது இருக்கிறது. "அலோவேரா" என்பது நம் சோற்றுக் கற்றாழை.

ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் பயிர் விளைந்தது என்பதே "ஆர்கானிக்" என்ற சொல்லின் பொருள். அந்த ஜெல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அதற்குப் பொருள் இல்லை! "ஜைவிக் பாரத்" முத்திரை உணவுப் பொருளுக்கு உரியது. ஆகவே ஜெல் குழாயில் "ஆர்கானிக்" என்று கண்டால், எந்த நிறுவனம் சான்று கொடுத்தது, எந்தெந்தச் சரக்குக்குக் கொடுத்தது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் விளம்பரம்.

திருப்பிப் பாருங்கள்!

குழாயின் முன்பக்கம் அழகுக்கு. பின்பக்கம்தான் உண்மை சொல்லும். நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, புளிப்பு. பெண்ணின் பிறப்புறுப்பு இயற்கையாகவே புளிப்புத் தன்மை உள்ளது. தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் அங்கே வாழ்ந்து, கெட்ட கிருமிகளை விரட்டுகின்றன. (அதற்காகத் தயிரைத் தடவிவிடாதீர்கள்!) அந்தப் புளிப்பின் அளவு "பி.எச்." கணக்கில் 3.8 முதல் 4.5 வரை. ஜெல்லும் 4.5-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

இரண்டாவது, செறிவு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் என்ன ஆகிறது? தண்ணீர் விடுகிறது. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் அதிகமாகச் சேர்ந்த ஜெல்லும் அப்படித்தான். மெல்லிய சருமத்தில் உள்ள நீரை உறிஞ்சிவிடும். அப்போது வழுவழுப்பாக இருக்கும், பிறகு எரியும். இந்தச் செறிவை "ஆஸ்மோலாலிட்டி" என்பார்கள். 380-க்குள் இருப்பது உத்தமம் என்றும், 1,200-ஐத் தாண்டவே கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2012-ல் யோசனை கூறியது. எல்லாக் கம்பெனிகளும் இதை அச்சிடுவதில்லை. அச்சிடாவிட்டால் சரக்குப் பட்டியலைப் பாருங்கள். கிளிசரின் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்தால் யோசித்து வாங்குங்கள்.

மூன்றாவது, கெடாமல் காக்கும் மருந்து. தண்ணீர் உள்ள எந்தப் பண்டமும் கெட்டுப்போகும். ஆகவே ஜெல்லுக்கு அது தேவைதான். ஆனால் "குளோர்ஹெக்சிடின்" நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். "நோனாக்சினால்-9" சருமத்தைப் புண்ணாக்கும். இவை வேண்டாம். கொல்லையில் உள்ள கற்றாழையை வெட்டித் தடவுவதும் வேண்டாம். அதன் மஞ்சள் பால் எரிச்சல் தரும்; கிருமியும் சேரும்.

நான்காவது, வாசனை. புதினா, ஸ்ட்ராபெரி, "சூடேற்றும் ஜெல்" எல்லாம் வறண்ட சருமத்துக்கு ஆகாது. மூலிகை வாசனையும் அப்படியே.

முதலில் சிறிய அளவில் வாங்குங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கை!

ஜெல் வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. கர்ப்பத்தையும் தடுக்காது. குழந்தை வேண்டிக் காத்திருக்கும் தம்பதிகள் டாக்டரைக் கேட்டு வாங்குவது நல்லது. பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைத் தடைசெய்யக் கூடியவை.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது. அது புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பூந்தமல்லியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் இருக்கிறது. ஜெல்லுக்கு அடங்காத வறட்சிக்கும் டாக்டர்களிடம் மருந்து உண்டு.

வெட்கம் எத்தனை நாள்?

1968-ல் அரசாங்கம் "நிரோத்" ஆணுறையை மூன்று 15 காசு என்று விற்க ஏற்பாடு செய்தது. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகள் அதைப் பெட்டிக் கடைகளுக்கும் கொண்டுபோயின. பெயரைச் சொல்லவே கூசிய பொருள், சுவர் விளம்பரமாகவே வந்துவிட்டது. இந்த வெட்கமும் போகும்.

அதுவரை ஒரு வழி உண்டு. "நீர் அடிப்படை லூப்ரிகண்ட் ஜெல், வாசனை இல்லாதது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கடையில் நீட்டுங்கள். வாய் திறக்க வேண்டியதில்லை.

அதைவிட நல்ல வழியும் உண்டு. "ஏங்க, எனக்கு வலிக்குது" என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லட்டும். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவரே கடைக்குப் புறப்படட்டும்!

தலைவலித் தைலம் அந்த வீட்டு அலமாரியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.